ஒன்பது கிலோ டச்சுச் சட்டியும் சிந்தியா வீட்டுச் சிலிண்டரும்

மார்த்தாண்டம்,
புதன்கிழமை

என் செல்ல மகள் ஜாஸ்மிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே உன் அப்பாவும் நானும் சுகம், என் வலது கால் முட்டு மட்டும் சுகமில்லை, அதற்குக் கிருபை இன்னும் வந்து சேரவில்லை. அங்கே அந்தக் கனடாப் பனிக்குள் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதென்ன, இருக்கிறாய் என்று எனக்கு நன்றாகவே தெரியும், எப்படித் தெரியும் என்பது பின்னால் வருகிறது. தினமும் போனில் பேசுகிறவள் எதற்காகக் காகிதத்தைத் தேடி எடுத்தாள் என்று யோசிப்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் அதையும் எடுத்துக் கேட்கிறார். எழுதினதை மட்டும் படிக்கமாட்டார், பேப்பர் படிக்கிற அந்தக் கண்ணாடிக்கு என் கிறுக்கல் எழுத்து பிடிபடாது. அதனால்தான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தின கையெழுத்தை இன்றைக்குத் தூசி தட்டி எடுத்தேன், பிழை இருந்தால் உன் நர்சிங் படிப்பில் சொல்லித்தராத தமிழ் என்று வைத்துக்கொள். இதைக் கொண்டுவந்து தந்தவன் இப்போது உன் எதிரில்தான் நிற்பான். கஞ்சிப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன், பிரித்துப் பார்க்கிற ஜாதியில்லை அவன், ஆனால் அம்மா என்ன எழுதியிருக்கிறாள் என்று உன் முகத்திலிருந்து படிக்கப் பார்ப்பான். நீ முகத்தில் ஒன்றும் காட்டாதே. கொஞ்ச நேரம் நிற்கட்டும்.

கிறிஸ்மஸ் கழிந்ததும் நீ போனில் என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா. சும்மா தெரிந்த ஒரு ஆள் ஊருக்கு வருகிறார் அம்மா, காட்டில் போய்த் தீ போட்டுச் சமைப்போமே அந்த டச்சு ஓவன், அதில் ஒன்று கொடுத்துவிட்டிருக்கிறேன், வாங்கி வை என்று சொன்னாய். சும்மா தெரிந்த ஆள். செரி என்று நானும் விட்டுவிட்டேன். நீ சொன்ன அந்த ஆள், பெனிட்டோ, வந்தான், ஆட்டோவிலிருந்து இறங்கினான், இரண்டு ஸ்வெட்டருக்குள் சுற்றி வைத்திருந்த பொருளைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தான், மேசை ஒரு சத்தம் போட்டது. உன் அப்பாவுக்கு எதைப் பார்த்தாலும் நிறுத்துப் பார்க்க வேண்டும், ரப்பர் ஷீட் கடை வைத்தவருக்கு வேறென்ன தெரியும், அவன் சாயா குடித்துவிட்டுப் போனதும் சட்டியைக் கடைத் தராசுக்குக் கொண்டுபோய்விட்டார். ஒன்பது கிலோ. ஏட்டி ஜாஸ்மி, இந்த ஊரில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பாத வீடு உண்டா, பெட்டிக்குள் ஒரு கிலோ என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாதா. உன் சொந்தச் சித்தப்பா துபாயிலிருந்து வந்தபோது முட்டுக்குத் தேய்க்க ஒரு தைலக் குப்பி கேட்டேன், வெயிட் ஆயிரும் அண்ணி என்று சொன்னவர், வந்து இறங்கும்போது இரண்டு பெட்டி நிறையத் தன் பெண்டாட்டிக்கு ஷாம்பு கொண்டுவந்தார். சும்மா தெரிந்த ஒருத்திக்காக ஒன்பது கிலோ இரும்பைத் தன் பெட்டியில் வைத்துக் கடல் தாண்டி வருகிறவன் இந்த உலகத்தில் இதுவரை பிறக்கவில்லை மக்களே. அதோடு நீ அனுப்பின கேம்ப் போட்டோ எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் நடுவில் சட்டி, அதற்குப் பக்கத்தில் மூடியைத் தூக்குகிற ஒரு கை, அந்தக் கையில் நீலப் பட்டை போட்ட வாட்ச். ஆளின் முகம் ஒரு படத்திலும் இல்லை, அவ்வளவு கவனமாக வெட்டியிருக்கிறாய். வாட்சை வெட்ட மறந்துவிட்டாய். சாயா டம்ளரை அவன் வாங்கும்போது அதே வாட்ச் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

இனி என் மானம் போன கதை. நீ அனுப்பின சட்டி கன்னங்கரேலென்று இருந்ததா, உள்ளே தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. கடையில் வாங்கின புதுச் சட்டி இப்படியா இருக்கும், யாரோ பொங்கித் தின்றுவிட்டுக் கழுவாமல் விற்றதை என் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. உன் அப்பாவோ மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இஞ்ச பாரு, மூடிக்கு மேல விளிம்பு வச்சிருக்கான், தலகீழா செஞ்ச சட்டியாக்கும் இது, அன்னைக்கு குளச்சல் சண்டையில தோத்து ஓடுன டச்சுக்காரன் மறந்து வச்சிட்டுப் போனதாயிருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் சொன்னதற்கு அவரே சிரித்துக்கொண்டார். நான் அடுத்த நாள் காலையில் கிணற்றடியில் உட்கார்ந்து செங்கல்பொடியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தேன், மத்தியானம்வரைக்கும் தேய்த்தேன், முட்டு வலித்தது, விடவில்லை. கடைசியில் வெள்ளிபோல ஒரு சாம்பல் நிறம் வந்தது. வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, நாற்பது வருடமாகப் பாத்திரம் தேய்க்கிறவளிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள் என்று பெருமையாகப் படுத்துத் தூங்கினேன். எழுந்து வந்து பார்த்தால் சட்டி செம்மண் நிறத்தில் இருக்கிறது. அந்தக் கறுப்பு அழுக்கில்லை, எண்ணெய் தடவித் தடவிக் காய்ச்சி ஏற்றின பூச்சு, அது போனால் இரும்பு துருப்பிடிக்கும் என்று எனக்கு யார் சொன்னது. நீ சொல்லியிருக்க வேண்டும். நீ வேறு எத்தனையோ சொல்லவில்லை, அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இதற்கு நடுவில் இங்கே இன்னொரு காரியம் ஓடுவது உனக்குத் தெரியும், தெரியாததுபோல இருக்கிறாய். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் கொண்டுவந்தாரே குலசேகரத்துப் பேங்க் பையன், அந்த வீட்டாருக்கு, கல்யாணம் வைக்காத லெந்து நோன்பு நாள் தொடங்குவதற்குள் பதில் சொல்வதாக உன் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். உன்னிடம் கேட்டால் இப்போ வேண்டாம், இப்போ வேண்டாம் என்று சொல்கிறாய், ஏன் வேண்டாம் என்று கேட்டால் டியூட்டி இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் நான் ஒரு வேலை செய்தேன். உன் பிறந்தநாளுக்குக் காட்டில் தீயிலிருந்து கேக் வந்தது அம்மா என்று ஒருமுறை சொன்னாயே, யார் செய்தது என்பதை மட்டும் விழுங்கிவிட்டு. பெனிட்டோவுக்குப் போன் பண்ணி, தம்பி, அந்தத் தீயில் வருகிற கேக்கை எங்களுக்கும் கொஞ்சம் காட்டித் தா, சனிக்கிழமை வா என்று கூப்பிட்டேன். உன் அப்பாவிடம், பிள்ளை அனுப்பின சட்டியில் எப்படிச் சமைப்பது என்று படித்துக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவன் எந்த ஊரு என்று கேட்டார். இனயம் என்றேன். கடப்புறமா என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா. இனயத்து மீன் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு நாளாவது சோறு இறங்கியிருக்கிறதா, மீன் வாசப்படி ஏறலாம், மீன் பிடிக்கிறவரின் மகன் ஏறக்கூடாதா என்று கேட்டேன். அதுக்கு ஒண்ணும் நான் சொல்லலியே என்று சொல்லிவிட்டு எழுந்து கடைக்குப் போய்விட்டார். அவர்களோ ஆர்.சி. சபை, நாமோ சி.எஸ்.ஐ. சபை, அதையும் அவர் சொல்லவில்லை, ஆனால் சொல்லாததை எல்லாம் தோளில் போட்டுக்கொண்டு போகிற மாதிரிதான் நடந்து போனார்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு பெனிட்டோ வந்தான். உன் அப்பா வாசல் சிட்டவுட்டில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். வாங்க தம்பி, இருங்க, சாயா குடிங்க, அப்பா என்ன செய்யியாரு என்று ஒரே மரியாதை. உனக்குத் தெரியுமே, உன் அப்பா ஒருவனை வாங்க போங்க என்று பேசினால் அவனை ரோட்டிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அப்பா பேரு மரியஜான் அங்கிள், ஆழ்கடல் போட்டுல போறவரு என்று அவன் சொன்னான். நல்லது, நல்லது என்று பேப்பருக்குள் போய்விட்டார். நான் சட்டியை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் கையில் இன்னும் செங்கல்பொடிக் கீறல் இருந்தது. கடக்காத்து பட்டா இப்பிடித்தான் ஆன்ட்டி, எங்க வீட்டுல இருந்த ரெண்டு நாளு போதும், அங்க இரும்பு ஒண்ணும் நிக்காது, எனக்க தப்புதான் என்று உன் அப்பாவுக்குக் கேட்கும்படிச் சொன்னான். இனயத்துக் காற்று இரண்டு நாள் பட்டு வந்த சட்டி எப்படிக் கறுப்பாக இருந்தது என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். தேங்காய் எண்ணெய் கேட்டான், துருவைத் துடைத்தான், பழைய துணியால் தடவித் தடவித் தீயில் காய்ச்சி மறுபடியும் கொஞ்சம் கறுக்க வைத்தான். ஒரு வார்த்தை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அப்போதே பாதி மனது போய்விட்டது, மீதி கேக்குக்காக வைத்திருந்தேன்.

அதற்குள் ஊர் கூடிவிடும்போல ஆயிற்று. நம்ம முற்றத்தில் தீ போட்டால் ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் சாவு, வேறு எதற்கு இந்தக் காலத்தில் வெளியே அடுப்புக் கூட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு சிந்தியா புகையைப் பார்த்து மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். அக்கா, வீட்டுல என்ன விசேஷம், யாருக்காவது வல்லதும் ஆச்சா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் சிட்டவுட்டிலிருந்து உன் அப்பா, ஒண்ணுமில்ல பிள்ள, கேஸ் தீந்து போச்சு என்றார். இவரும் கோயில் கமிட்டி மெம்பர், வாரம் தவறாமல் முதல் பெஞ்சில் உட்காருகிறவர். உள்ளே நிறைந்த சிலிண்டர் இரண்டு நிற்கிறது. சிந்தியா நல்ல மனசுக்காரி, ஐயோ அண்ணா, இதச் சொல்லப்பிடாதா என்று சொல்லிவிட்டுப் போய், கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுக்காரரிடம் தங்கள் ஸ்பேர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டாள். அந்த மனிதர் வேர்த்து விறுவிறுத்து அதை நம்ம அடுக்களை வாசலில் கொண்டுவந்து வைத்தார். உன் அப்பா தேங்க்ஸ் சொன்னார். பெனிட்டோ சட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு எதையோ தேடினான், தோள் மட்டும் குலுங்கியது. அன்றைக்கு இந்த முற்றத்தில் பொய் சொல்லாதவர்கள் என்று பார்த்தால் நானும் சட்டியும்தான்.

நம்ம வாழையில் பழுத்த ஏத்தன் பழத்தை மசித்து, மாவும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்துக் கலக்கி ஊற்றினான். சட்டிக்குக் கீழே கொஞ்சம் கனல், மூடிக்கு மேலே நிறையக் கனல், அப்போதுதான் உன் அப்பா தலைகீழ் என்று சொன்ன விளிம்பு எதற்கென்று எனக்கு விளங்கியது, கனல் உருண்டு விழாமல் இருக்க. அங்கே கடையில் ஒரே அளவில் உருண்டை உருண்டையாகக் கரி விற்குமாம், மேலே இத்தனை, கீழே இத்தனை என்று எண்ணி வைத்தால் போதுமாம். நம்ம வீட்டில் உருண்டைக்கு எங்கே போவது, தேங்காய்ச் சிரட்டைதான். அவனும் சிரட்டைக் கனலை அதே கணக்கில் அள்ளி மூடி நிறைய வைத்தான். வைத்துவிட்டு என்னிடம், காட்டுல ஜாஸ்மி இந்த நேரம் மூடியத் திறந்து பாக்கணும்னு அடம்பிடிக்கும் ஆன்ட்டி என்று சொன்னான், சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டான். சிட்டவுட்டில் பேப்பர் திருப்புகிற சத்தம் நின்றது. சும்மா தெரிந்த ஆள். எனக்குச் சிரிப்பை அடக்கவும் முடியவில்லை, அடக்காமல் இருக்கவும் முடியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் கருகல் மணம் வந்தது. உனக்குத் தெரியும், உன் அப்பாவின் மூக்கு புகைப்புரையில் வளர்ந்த மூக்கு, ரப்பர் ஷீட்டைப் புகையில் காயத் தொங்கவிட்ட அறையில் சூடு ஒரு பொடி ஏறினால் உறக்கத்திலும் எழுந்து ஓடுகிறவர். பேப்பர் எங்கே போனதென்று தெரியவில்லை, செருப்புப் போடாமல் முற்றத்தில் இறங்கிவிட்டார். ஏலே, ஏலே, மூடிய எடுலே, சிரட்டைக் கனலாக்கும் அது, ஒனக்க கடையில வாங்குன கரியில்ல, அதுக்கு வெறி கூடுதலு, போயி சாம்பல வாரிட்டு வா மக்கா என்று ஒரு சத்தம். நான் அப்படியே நின்றுவிட்டேன். மத்தியானம் முழுக்க வாங்க போங்க என்று ரோட்டில் நிறுத்தி வைத்திருந்தவனை ஒரே மூச்சில் ஏலே என்று கூப்பிட்டு, மக்கா என்று முடித்துவிட்டார். அவர் என்ன சொன்னார் என்று அவருக்குத் தெரியாது, கண்ணெல்லாம் கனலில் இருந்தது. அந்தப் பையனுக்குத் தெரிந்தது. மூடியைத் தூக்கின கொக்கியோடு ஒரு நொடி நின்றான், பிறகு, செரி மாமா என்று சொல்லிவிட்டுச் சாம்பல் அள்ள ஓடினான். அங்கிள் எங்கே போனது என்று நானும் கேட்கவில்லை, உன் அப்பாவும் கேட்கவில்லை.

முதல் கேக் மேலே கரி, உள்ளே கூழ். அந்தக் கரியைப் பெனிட்டோ சுரண்டித் தின்றுகொண்டே, காட்டுலயும் முதல்ல இப்பிடித்தான் வந்துச்சு, அத யாரும் போட்டோ எடுக்கல்ல என்றான். இரண்டாவதுக்கு உன் அப்பா பொறுப்பெடுத்தார். மேல் கனல் அவர், கீழ்க் கனல் இவன். சாம்பலைத் தூவிக் கனலை அடக்கி, லே திருப்பு, போதும், லே கொஞ்சம் தள்ளு, ஊதாத என்று ஒரே அதிகாரம், நான் கல்யாணம் கட்டி வந்த நாள் முதல் அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்க்காத மனிதர். என் கண் புகையில் எரியக்கூடாது என்று கேஸ் வாங்கிப் போட்டவர், கேஸ் இரண்டும் பக்கத்து வீட்டு கேஸும் ஆக மூன்று சிலிண்டர் உள்ளே இருக்க, வெளியே புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். கேக் வந்தது. நடுவில் கொஞ்சம் பிசுபிசுப்பு, பொய் சொல்லக்கூடாது, ஆனால் நன்றாக இருந்தது. மணம் பிடித்து சிந்தியா மறுபடியும் தலையை நீட்டினாள், ஒரு துண்டு கொடுத்தோம். தம்பி எந்த ஊரு என்று கேட்டாள். அவன் வாயில் கேக் இருந்தது, உன் அப்பா முந்திக்கொண்டு, இனயம், மரியஜானுக்க மவனாக்கும், ஆழ்கடலுக்குப் போற மரியஜான் தெரியாதா என்றார். இவருக்கே அந்தப் பேர் தெரிந்து மூன்று மணிக்கூர் ஆகவில்லை.

இனிமேல் சிரிக்காமல் கேள். அவன் போன பிறகு உன் அப்பா முற்றத்தில் மிச்சமிருந்த கனலில் தண்ணீர் தெளித்து அணைத்தார். பிறகு, அவ எங்கிட்ட சொல்லமாட்டாளோ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இனயத்தையும் கேட்கவில்லை, ஆர்.சி.யையும் கேட்கவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும் என்று நான் சொல்லலாம், சொல்லவில்லை, அது என் வாயால் வரவேண்டிய சொல் இல்லை. மறுநாள் கோயில் விட்டதும் அந்தக் கமிட்டிக்காரர் பேங்க் பையன் காரியத்தைக் கேட்டார், உன் அப்பா, ஒரு வாரம் பொறுங்க, பிள்ளைக்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும் என்று சொல்லிவிட்டு வந்தார். உன்னை நர்சிங்குக்குச் சேர்த்தபோது உன்னிடம் கேட்டாரா, கனடாவுக்குப் பணம் கட்டினபோது கேட்டாரா, இப்போது கேட்கப் போகிறாராம். ஆனால் கேட்கமாட்டார், அவரை எனக்குத் தெரியும், போனைக் கையில் எடுத்து எடுத்து வைக்கிறார், நீயாகச் சொல்லவேண்டும் என்று இருக்கிறார். அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கோயிலுக்குப் புறப்படுவதற்கு முன்னால், உனக்கு அது சனிக்கிழமை ராத்திரி, கூப்பிடு. எனக்குக் கூப்பிடாதே, அவர் போனுக்குக் கூப்பிடு. ஸ்பீக்கர் போடாதீர்கள் அப்பா என்று முதலிலேயே சொல். தூங்கினதுபோலக் குரலை வைத்துக்கொள்வார், நம்பாதே. முதலில் சட்டியை விசாரி. இப்போது அது அவருடைய சட்டி, தினமும் எண்ணெய் தடவுவது அவர்தான், நான் கிட்டே போனால் செங்கல்பொடியைத் தேடுவேன் என்று பயம், கிணற்றடிக் கதையை யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. சட்டியை விசாரித்துவிட்டு மீதியைச் சொல். அவர் சத்தம் போட்டால் பயப்படாதே. சத்தத்துக்கு நடுவில் ஏட்டி என்று வந்தால் காரியம் முடிந்தது. வாம்மா போம்மா என்று பேசினால் மட்டும் என்னைக் கூப்பிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெனிட்டோவின் பெட்டியைப் பார். சட்டி இறங்கின இடம் காலியாகத்தானே போகும் என்று உன் அப்பா கடைத் தராசில் வைத்து ஒன்பது கிலோ நிறைத்துக் கட்டியிருக்கிறார், ஏத்தங்காய் வத்தலும் முந்திரிக்கொத்தும் கருப்பட்டியும். சிரட்டையும் ஒரு சாக்கு கட்டினார், அவன் பழகட்டும் என்று. ஏர்போர்ட்டில் விடமாட்டாங்க மாமா என்று அவன் கெஞ்சின பிறகுதான் இறக்கினார், சிரட்டைகூடக் கொண்டுபோகக்கூடாத நாடா என்று உன்னை நினைத்து இரக்கப்பட்டார். கட்டின பொதியின் மேல் உன் பேரை எழுதவில்லை, அவன் பேரைத்தான் எழுதியிருக்கிறார், நீ கேட்டு வாங்கித் தின்.

கர்த்தர் உன்னையும் உன் பக்கத்தில் நிற்கிறவனையும் பனியிலும் தீயிலும் கைவிடாமல் நடத்தட்டும், கையில் எடுத்த வேலை எல்லாம் உனக்கு வாய்க்கட்டும். சட்டிக்கு வைக்கிற எண்ணெயில் பாதியாவது உன் தலைக்கு வை. சிந்தியா வீட்டுச் சிலிண்டர் இன்னும் நம்ம அடுக்களையில்தான் நிற்கிறது, என்ன சொல்லித் திருப்பிக் கொடுப்பது என்று உன் அப்பாவுக்குத் தெரியவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுவிட்டால் நான் திங்கட்கிழமை அவளிடம் உள்ளதைச் சொல்லிச் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், அடுத்த தடவை முற்றத்தில் அடுப்புக் கூட்டும்போது மதிலுக்கு மேலே தலையை நீட்டி என்ன விசேஷம் என்று கேட்டால், உன் அப்பா உள்ளதையே சொல்லலாம்.

செரி, இனி முகத்தில் காட்டு, பாவம் அவனுக்கு நின்று கால் கடுத்திருக்கும்.

உன் அம்மா
தங்கபாய்